அடி அடுக்கில் முதல் உலகப்போர்

ஜானட்டின் வீட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு முகவரி இருந்தது. உப்பு ஜாடி ஏ-1-2. அரிசி டின் ஏ-2-1. ரேஷன் அட்டை சி-1-3. மெழுகுவத்தி மட்டும், கரண்ட் போன நேரத்தில் தேடுவதற்கானது என்பதால், யாரும் மறக்க முடியாத பி-1-1. இந்த முகவரிகளைக் கொடுத்தவன் அவள் கணவன் நோயல். எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிய ஒரு கன்டெய்னர் யார்டில் அவன் பதினேழு வருடம் செக்கராக இருந்தான்.

அந்த யார்டில் எப்போதும் நாலாயிரம் பெட்டிகள் நிற்கும். நிறம்தான் வேறு, வடிவம் ஒன்று. உள்ளே இருப்பது தேயிலையா, டயரா, செருப்பா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. செக்கருக்கு அது தேவையும் இல்லை. எந்தப் பெட்டி எங்கே நிற்கிறது என்பதுதான் அவன் வேலை. அதற்காக மைதானத்தை ஏ, பி, சி என்று பிளாக்குகளாகப் பிரித்திருப்பார்கள். பிளாக்குக்குள் வரிசைகள். வரிசையில் ஒன்றின்மேல் ஒன்றாக ஐந்து பெட்டி வரை அடுக்கு. சி-2-1 என்றால் சி பிளாக், இரண்டாவது வரிசை, தரையோடு நிற்கும் பெட்டி. கடைசி எண்ணை எப்போதும் தரையிலிருந்து மேலே எண்ண வேண்டும்.

அடுக்கில் ஒரு சங்கடம் உண்டு. அடிப்பெட்டி வேண்டுமென்றால் மேலே இருக்கும் நாலையும் ஒவ்வொன்றாகத் தூக்கி வேறு இடத்தில் இறக்கியாக வேண்டும். அதை ஷிஃப்டிங் என்பார்கள். நேரம் விழுங்கும் வேலை. அதனால்தான் கப்பலுக்குப் போகவேண்டிய பெட்டிகளின் பட்டியல் முன்னதாகவே யார்டுக்கு வந்துவிடும். முதலில் போவது மேலே, கடைசியில் போவது அடியில். பட்டியல் சரியாக இருந்தால் ஒரு பெட்டியைக்கூட இரண்டு முறை தொடவேண்டியதில்லை.

நோயல் இதையே வீட்டுக்குக் கொண்டுவந்தான். சமையல் மூலை ஏ, கட்டில் பி, பீரோ சி. ராயபுரத்தில் கல்மண்டபம் பக்கம் மாடியில் ஓர் அறை வீடு. பிள்ளை இல்லை. இரண்டு பேருக்கு மூன்று பிளாக் தாராளம்.

ஜனவரியில், பொங்கல் முடிந்த வாரம், டோல்கேட் நிறுத்தத்தில் கம்பெனி வேனுக்காக நின்றிருந்த நோயல் திண்டில் உட்கார்ந்தான். வேன் வந்தபோது எழுந்திருக்கவில்லை. நெஞ்சுவலி என்று மருத்துவமனையில் எழுதிக் கொடுத்தார்கள். வயது நாற்பத்திரண்டு.

ஜானட் அழவில்லை. அடக்கம், ஏழாம் நாள், முப்பதாம் நாள் பூசை எல்லாவற்றையும் தவறாமல் செய்தாள். வந்தவர்களுக்கு டீ கொடுத்தாள். சர்க்கரை வேண்டாம் என்றவர்களை நினைவு வைத்துக்கொண்டு அடுத்தமுறை சர்க்கரை இல்லாமல் கொடுத்தாள். பேசினால் பதில் சொன்னாள். சோறு பொங்கி வழிந்தால் அடுப்பைக் குறைத்தாள். ஆனால் வழிகிறது என்று தெரிவதற்கும் கை போவதற்கும் நடுவில் ஒரு நீளமான நேரம் இருந்தது. அந்த நேரத்தில் அவள் எதையும் நினைத்துக்கொண்டிருக்கவில்லை.

கீழ் வீட்டில் இருந்த ஆலிஸ் நோயலுக்கு அக்கா. முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் இறந்தவரின் துணிகளைக் கோயில் மூலம் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவது அவர்கள் வழக்கம். ஆலிஸ் மாதம் ஒருமுறை ஒரு பெரிய கட்டைப்பையோடு மேலே வருவாள்.

"துணிய இன்னா பண்ணப்போற ஜானட்டு?"

"குத்துடலாம்க்கா."

"எப்ப? பூசை முட்ஞ்சி ரெண்டு மாசம் ஆவுது. கோயில்ல ரெண்டு தபா கேட்டுட்டாங்கோ. நானும் பையத் தூக்கினு மாடி ஏறி எறங்குறன், கால் வலிக்கிது."

"அப்புறம்."

"அப்புறம் அப்புறம்னே சொல்லினுரு. பூச்சி வந்து துன்னுட்டுப் போவும். அதுக்கு ஒன்னாட்டம் வெக்கம் கெடையாது."

ஆலிஸ் கட்டைப்பையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு இறங்கிப்போவாள். பீரோவின் இரண்டாவது தட்டில், சி-2 என்ற இடத்தில், நோயலின் துணிகள் அவன் அடுக்கியபடியே இருந்தன.

மே மாதத் தொடக்கத்தில் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. கொண்டுவந்தவன் பொன்ராஜ். நோயலிடம் வேலை கற்றுச் செக்கர் ஆனவன், முப்பத்து மூன்று வயது. நோயலை அண்ணன் என்பதால் ஜானட் அவனுக்கு அண்ணி. கடிதத்தில் இருந்ததை அவன் சுருக்கிச் சொன்னான். இறந்தவரின் மனைவிக்கு ஒரு வேலை உண்டு. பத்தாம் வகுப்புத் தேறியிருந்தால் கேட் ஆபீசில், வருகிற லாரியின் எண்ணையும் பெட்டியின் எண்ணையும் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை. தேறாவிட்டால் துப்புரவுக் கான்ட்ராக்டரிடம் பெயர் கொடுப்பார்கள். அங்கே போனவர்களைக் கம்பெனி தன் ஆள் என்று சொல்லாது. இன்றைக்கு வா என்பார்கள், நாளைக்கு வேண்டாம் என்பார்கள். மதிப்பெண் பட்டியலை ஆகஸ்ட் பதினைந்துக்குள் காட்டவேண்டும்.

ஜானட் பத்தாவது எழுதியது இருபது வருடம் முன்பு. எல்லாம் தேறி, சமூக அறிவியலில் மட்டும் இருபத்தொன்பது.

"ஜூலைல துணைத் தேர்வு கீது அண்ணி. தனித்தேர்வரா எழுதலாம். ஒரே சப்ஜெக்ட்டு. முப்பத்தஞ்சு எடுத்தா ஆச்சு."

"எழுதி?"

"கேட் ஆபீஸ்ல ஃபேன் கீது, சேர் கீது. எழுதலனா கைல தொடப்பம். அண்ணன் பதினேழு வருசம் ஒழச்ச எடத்துல நீங்கோ தொடப்பம் புட்ச்சினு நிக்கிறத என்னால பாக்க முடியாது. நான் வேற யார்டுக்குப் போவணும். எனக்குப் பேஜாரு."

ஜானட் கடிதத்தை மடித்தாள். "அவரு சோசியல்ல இன்னா மார்க்கு தெரியுமா?"

"இன்னா?"

"முப்பத்தாறு."

"அப்ப நாம ரொம்ப ஆசப்பட வேணாம்" என்றான் பொன்ராஜ்.

விண்ணப்பத்தை அவனே போட்டான். பாடப்புத்தகமும் பழைய வினாத்தாள்களும் வாங்கி வந்தான். வினாத்தாளைத் தரையில் விரித்து, பெட்டி எண்ணுகிறவன் போல எண்ணினான். ஒரு மதிப்பெண் கேள்வி பதினாலு. இரண்டு மதிப்பெண்ணில் பத்து எழுதினால் இருபது. ஐந்து மதிப்பெண்ணில் பத்து எழுதினால் ஐம்பது. எட்டு மதிப்பெண் இரண்டு. கூட்டினால் நூறு. இதில் வரைபடம் இரண்டு இடத்தில் வரும், ஓரிடத்தில் ஐந்து, ஓரிடத்தில் எட்டு. அதுவே பதின்மூன்று. காலக்கோடு என்று ஒரு கோடு போட்டு வருடங்களைக் குறிப்பது ஐந்து. இவை கதை எழுதத் தேவையில்லாதவை. கை பழகினால் வந்துவிடும். பதினெட்டு மதிப்பெண்ணைக் கையே எடுத்துவிட்டால், தலை எடுக்கவேண்டியது பதினேழுதான்.

கை பழகியது. தெருமுனைக் கடையில் வெறும் எல்லைக்கோடு மட்டும் அச்சிட்ட இந்தியா மேப் வாங்கி, கட்டிலில் உட்கார்ந்து தினம் ஒன்று குறித்தாள். குறிப்பதில் ஒரு முறை இருக்கிறது. முதலில் எளிதில் அடையாளம் தெரியும் மூலைகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும்: குஜராத்தின் திறந்த வாய், கன்னியாகுமரியின் முனை, வங்காளத்தில் கடல் உள்ளே மடங்கும் இடம். மற்றவை எல்லாம் இவற்றிலிருந்து இத்தனை விரல் மேலே, இத்தனை விரல் கீழே. சென்னைத் துறைமுகத்தையும் எண்ணூர்த் துறைமுகத்தையும் இரண்டு தனிப் புள்ளிகளாக வைக்க அவள் முயன்றாள். முடியவில்லை. அந்த மேப்பில் ஒரு சென்டிமீட்டருக்கு இருநூறு கிலோமீட்டர். இரண்டு துறைமுகத்துக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டர்தான் வரும். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, டோல்கேட் நிறுத்தம், திருவொற்றியூர், எண்ணூர் எல்லாம் பென்சில் முனைக்கு அடியில் போயின. அவள் பென்சிலைக் கொஞ்சம் அழுத்திவிட்டு அடுத்த இடத்துக்குப் போனாள்.

தலைதான் மறுத்தது. பருவக்காற்றுப் பக்கத்தை ஏழு முறை படித்தாள். ஏழாவது முறையும் அது முதல் முறையாகவே இருந்தது. சொற்கள் கண்ணில் பட்டன, நிற்கவில்லை.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொன்ராஜ் கேள்வி கேட்டுப் பார்த்தான். கேட்டதற்கெல்லாம் அவள் தெரில என்றாள்.

"சரி, தீப்பெட்டி எங்க கீது?"

"ஏ, ஒண்ணு, மூணு."

"பாஸ்புக்கு?"

"சி, ஒண்ணு, ரெண்டு."

"அப்பறம் இன்னா. மண்ட நல்லாத்தான் வேல செய்து. பாடத்த மண்டைல வெக்காதீங்கோ. வூட்ல வெய்ங்கோ."

அவன் சொன்னது விளையாட்டாக இருந்தாலும் அதற்குள் ஒரு நியாயம் இருந்தது. ஒரு விஷயத்தை நினைவு வைப்பதைவிட, அதை எங்கே வைத்தோம் என்பதை நினைவு வைப்பது மனிதர்களுக்குச் சுலபம். சாவி தொலைந்தால்கூட நாம் சாவியை நினைப்பதில்லை; கடைசியாக நின்ற இடத்தை நினைக்கிறோம்.

ஜானட் ஒவ்வொரு விடையையும் ஒரு தாளில் எழுதினாள். உப்பு ஜாடிக்கு அடியில் உப்புச் சத்தியாகிரகம். அரிசி டின்னில் பொது விநியோகத் திட்டம். தண்ணீர்க் குடத்தின்மேல் பருவக்காற்று. படிக்க வேண்டுமென்றால் அந்த இடத்துக்கு நடந்துபோய், அந்தப் பொருளைக் கையில் எடுத்து, தாளைப் படித்து, திரும்ப வைத்தாள். இரண்டு வாரத்தில் கண்ணை மூடினால் ஜாடி வந்தது, ஜாடியோடு உப்பு வந்தது, உப்போடு தண்டி வந்தது. அது வந்ததில் அவளுக்குச் சந்தோஷம் ஒன்றும் இல்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவதுபோல வந்தது.

கடைசியாக ஐந்து பெரிய வரலாற்றுக் கேள்விகள் மிஞ்சின. இடம் மிஞ்சவில்லை. பீரோவில் சி-2 மட்டும் இருந்தது.

"அஞ்சு கேள்வி, அஞ்சு அடுக்கு" என்றான் பொன்ராஜ். "எது மேல எது கீழனு பட்டியல் வேணும்ல? இந்தாங்கோ கப்பல் லிஸ்ட்டு."

அவன் போனில் ஒரு டியூசன் சென்டரின் வாட்ஸாப் செய்தி இருந்தது. கட்டாயம் வரும் கேள்விகள் மேலே, வர வாய்ப்பில்லாதவை கீழே. முதல் உலகப்போருக்கான காரணங்கள் கடைசியில் இருந்தது. ஏப்ரல் தேர்வில் கேட்டுவிட்டார்களாம். கேட்டதை உடனே மறுபடி கேட்கமாட்டார்களாம்.

ஜானட் பீரோவைத் திறந்தாள். துணிகளைக் கலைக்காமல், ஓரத்தை மட்டும் நெம்பித் தாள்களைச் செருகினாள். ஐந்தாவது அடுக்கில் கம்பெனியின் ஆரஞ்சு ஜாக்கெட், அதில் ஐக்கிய நாடுகள் சபை. நாலாவது சாம்பல் நிற யூனிஃபார்ம் சட்டை, அதில் இரண்டாம் உலகப்போரின் விளைவுகள். மூன்றாவது கட்டம் போட்ட லுங்கி, சமூக சீர்திருத்தங்கள். இரண்டாவது வேளாங்கண்ணிக்கு நடந்துபோகும்போது கட்டிய காவி வேட்டி, ஒத்துழையாமை இயக்கம். அதற்கும் கீழே ஏதோ ஒன்று தட்டையாக இருந்தது. அவள் அடுக்கு முழுவதையும் இடதுகையால் ஓர் அங்குலம் தூக்கி, கடைசித் தாளை அதற்கடியில் தள்ளிவிட்டு இறக்கினாள்.

"அடியில இன்னா துணி?" என்று பொன்ராஜ் கேட்டான்.

"தெரில."

"பாக்கலயா?"

"பாக்கணும்னா மேல இருக்கறது எல்லாம் எடுக்கணும்."

பொன்ராஜ் அவர்கள் தொழிலில் எல்லோரும் சொல்வதைச் சொன்னான். "வுடுங்கோ அண்ணி. பெட்டிக்குள்ள இன்னா கீதுனு நமக்கு இன்னாத்துக்கு? நம்பர் தெரிஞ்சா போதும்."

அந்த ஒரு தாளை மட்டும் அவள் மறுபடி எடுத்துப் படிக்கவில்லை. எழுதும்போது படித்ததுதான். மற்ற நான்கும் ஓரம் நீட்டிக்கொண்டிருந்தன. இழுத்துப் படித்துவிட்டுச் செருக முடிந்தது. அன்றைக்குப் புறப்படும் முன் பொன்ராஜ் படியில் நின்றபடி, கையைக் கையோடு கோத்துக் காட்டி, பாடத்தை மேலோட்டமாகச் சொல்லிவிட்டுப் போனான்.

"மொத உலகப்போரு இன்னா, சிம்பிள். கப்பல்ல பெட்டி ஏத்துனா மூலைக்கு மூல டிவிஸ்ட் லாக் போடுவோம்ல, மேல் பெட்டியும் கீழ்ப் பெட்டியும் ஒண்ணா நிக்கறதுக்கு. நல்லதுக்குத்தான் போடறது. ஆனா ஒண்ணு சாஞ்சா பூட்டுன அத்தினியும் சேந்து சாயும். அந்த நாடுங்கோ அப்டித்தான் ஒண்ணுக்கொண்ணு பூட்டிக்கினு கெடந்துச்சிங்கோ. எவனோ ஒருத்தன் சுட்டான். சாஞ்சிது."

"சரி."

"புர்ஞ்சிதா?"

"புர்ஞ்சிது. பாத்து போ, படியில லைட் இல்ல."

தேர்வு தண்டையார்பேட்டையில் ஒரு பள்ளியில். பெஞ்சு சின்னது, முழங்கால் இடித்தது. அவள் அறையில் பெரும்பாலும் பதினாறு வயதுப் பிள்ளைகள். பத்து மணிக்கு வினாத்தாள் தந்தார்கள். முதல் பத்து நிமிடம் படிப்பதற்கு, அடுத்த ஐந்து நிமிடம் விவரம் சரிபார்ப்பதற்கு, பத்தேகாலுக்கு எழுதத் தொடங்க வேண்டும், ஒன்றேகாலுக்கு முடிக்க வேண்டும். ஜானட் பத்து நிமிடத்தில் வினாத்தாளைக் கடைசிவரை படித்தாள். எட்டு மதிப்பெண் பகுதியில், வரைபடம் போக இருந்த கேள்வியில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஒன்று அவள் தொடாத பொருளாதாரப் பாடம். மற்றொன்று முதல் உலகப்போருக்கான காரணங்கள்.

அவள் பயப்படவில்லை. கப்பல் பட்டியல் தப்பு என்பது மட்டும் தெரிந்தது.

பழக்கப்படி வரைபடத்தை முதலில் முடித்தாள். காலக்கோடு போட்டாள். ஒரு மதிப்பெண் பதினாலுக்கும் ஏதோ ஒன்றை எழுதினாள். ஒன்பது சரியாக இருக்கும். இரண்டு மதிப்பெண் கேள்விகளில் எப்படியும் ஐந்து மதிப்பெண் தேறும். அவற்றில் உப்பு ஜாடியும் வந்தது, எழுதினாள். பருவக்காற்றும் அரிசி டின்னும் வரவில்லை. அடுக்கில் இருந்த மேல் நாலில் ஒன்றுகூட வினாத்தாளில் இல்லை. பன்னிரண்டேகாலுக்கு, பொன்ராஜ் சொல்லிக்கொடுத்தபடி வினாத்தாளின் ஓரத்தில் பென்சிலால் கூட்டினாள். கறாராகப் போட்டால் முப்பத்திரண்டு. வேண்டியது மூன்று. ஒரு மணி நேரம் இருந்தது.

சி-2-1.

கண்ணை மூடிப் பீரோவைத் திறந்தாள். எடுக்க வேண்டும். வேறு வழியில்லை.

ஆரஞ்சு ஜாக்கெட்டை எடுத்தாள். காலரின் உள்பக்கம் கறுத்திருந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்தால் ஒளிரும் பட்டை உரிந்துவிடும் என்று அவன் தேய்க்கவே விடமாட்டான். ஐக்கிய நாடுகள் சபை, ஆறு உறுப்புகள். அதைப் பெஞ்சின் வலப்பக்கம் வைத்தாள். சாம்பல் சட்டையை எடுத்தாள். இரண்டாவது பொத்தான் மட்டும் வேறு நிறம். அவள் தைத்தது, கறுப்பு நூல். வலப்பக்கம். லுங்கியின் மூலையில் கொசுவத்தி சுட்ட ஓட்டை, சுண்டுவிரல் நுழையும். அதையும் வைத்தாள். காவி வேட்டி கனமாக இருந்தது. பன்னிரண்டு நாள் நடை. வந்ததும் மூன்று தண்ணீரில் அலசியும் கரை மண் நிறமாகவே நின்றுவிட்டது. இரண்டு கையாலும் எடுத்து வைத்தாள்.

கீழே ஒன்றும் தெரியவில்லை.

தட்டையாக ஏதோ இருந்தது என்பது தெரிந்தது. அதன் நிறம் இல்லை, கையில் பட்ட உணர்வு இல்லை. அதற்கடியில் தன் கையெழுத்தில் ஒரு தாள் இருக்கிறது என்பது நிச்சயம். ஆனால் அந்தத் தாளுக்குப் போகப் பிடி இல்லை. யார்டில் பெட்டிக்குள் என்ன என்று தெரியாமலே எண்ணை வைத்துத் தூக்கிவிடலாம், ஏனென்றால் தூக்குவது இயந்திரம், அது பெட்டியின் நாலு மூலையைப் பிடிக்கிறது. நினைவு அப்படிப் பிடிப்பதில்லை. ஜாடி என்றால் ஜாடியின் வழவழப்பைப் பிடித்துத்தான் உப்பு வரும். எதைப் பிடிப்பது என்று தெரியாத இடத்தில் எண் மட்டும் இருந்து பயனில்லை.

அவள் அந்த வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

"அக்கா, எழுதலையா?" கண்காணிப்புக்கு நின்ற ஆசிரியை இவளைவிடச் சின்னவள். "உடம்புக்கு ஏதாவது பண்ணுதா? தண்ணி வேணுமா?"

"இல்ல மிஸ். மணி இன்னா?"

"பன்னெண்டு ஐம்பத்தஞ்சு."

நாற்பது நிமிடம் போயிருந்தது. இருபது மீதி. தாள் கிடைக்காது என்பதை ஜானட் ஏற்றுக்கொண்டாள். ஷிஃப்டிங் வீண். அப்போதுதான், பீரோவில் அல்ல, படியில், லைட் இல்லாத இடத்தில் பொன்ராஜ் நின்று கையைக் கையோடு கோத்துக் காட்டியது நினைவுக்கு வந்தது. அவள் எழுதினாள்.

ஐரோப்பாவில் நாடுகள் இரண்டு அணியாக ஒன்றோடொன்று ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தன. ஒருவர்மேல் அடி விழுந்தால் மற்றவர் வரவேண்டும் என்பது ஒப்பந்தம். இது பாதுகாப்புக்காகச் செய்தது. ஆனால் ஒன்றாகப் பூட்டியவை ஒன்றாகவே சாயும். ஆஸ்திரியாவின் இளவரசரைச் சுட்டதும் ஆஸ்திரியா செர்பியாமேல் போர் தொடுத்தது. செர்பியாவுக்காக ரஷ்யா வந்தது. ஆஸ்திரியாவுக்காக ஜெர்மனி வந்தது. ரஷ்யாவுக்காக பிரான்ஸ். பூட்டுப் போட்ட அன்றைக்கு யாரும் சாய நினைக்கவில்லை.

தலைப்பு இல்லை, அடிக்கோடு இல்லை, வருடம் இல்லை. ஒரு பக்கத்துக்குக் கொஞ்சம் குறைவு. மணி அடித்தது.

வெளியே பொன்ராஜ் டீக்கடை வாசலில் பைக்கோடு நின்றான். வினாத்தாளை வாங்கிச் சீட்டில் விரித்து, பேனாவால் ஒவ்வொன்றாகக் கேட்டுப் போட்டான்.

"மொத உலகப்போரு எழுதுனீங்களா? அடி அடுக்காச்சே அது."

"அத்த எடுக்க முடில. நீ சொன்னத எழுதுனன்."

"நான் இன்னா சொன்னன்?"

"டிவிஸ்ட் லாக்கு."

பொன்ராஜ் பேனாவை நிறுத்தினான். "டிவிஸ்ட் லாக்குனே எழுதிட்டீங்களா?"

"பூட்டுனு எழுதுனன்."

"அந்த மட்டுல பொழச்சோம்." அவன் கூட்டினான். "கஞ்சூஸ் வாத்தியாரு கைல மாட்டுனா முப்பத்திமூணு. அவரு பொண்டாட்டி நல்ல சோறு போட்டு அனுப்சிருந்தா முப்பத்தொம்பது. குந்துங்கோ, போலாம்."

வீட்டுக்கு வந்ததும் ஜானட் கதவைத் தாழிட்டாள். முகம் கழுவவில்லை. பீரோவைத் திறந்து ஜாக்கெட்டை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். சட்டையை எடுத்தாள். லுங்கியை, காவி வேட்டியை. தேர்வில் பெஞ்சில் ஒருமுறை செய்துவிட்டிருந்ததால் கை தயங்கவில்லை. எதை அடுத்து எது என்று அதற்குத் தெரிந்திருந்தது.

அடியில் வானநீலச் சட்டை ஒன்று இருந்தது. கிறிஸ்துமஸுக்கு அவள் பழைய வண்ணாரப்பேட்டையில் எடுத்துக்கொடுத்தது. கழுத்து அட்டை அப்படியே, குண்டூசிகள் அப்படியே. அளவு நாற்பது. நோயலுக்கு நாற்பத்திரண்டு வேண்டும். கம்பெனி கிறிஸ்துமஸ் விழாவுக்கு இதைத்தான் போட்டுப் போனேன், எல்லோரும் நல்லா கீதுன்னாங்கோ என்று அவன் சொன்னான். அன்றைக்கு அவன் விடியுமுன் காலை ஷிஃப்டுக்குப் புறப்பட்டபோதும், விழா முடிந்து இரவில் திரும்பியபோதும் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். சிறியது என்று சொன்னால் அவள் மறுபடி கடைக்கு அலையவேண்டும் என்று, யாரும் எடுக்காத இடத்தில் வைத்திருக்கிறான். யாரும் எடுக்காத இடம் எது என்று அவனைவிடத் தெரிந்தவர் இல்லை.

ஜானட் கட்டிலில் உட்கார்ந்து குண்டூசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். ஏழு இருந்தன. ஏ-1-3-இல் தீப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த டப்பாவில் போட்டாள். பிறகு சட்டைக்கு அடியில் இருந்த தாளை எடுத்துப் படித்தாள். ஐந்து காரணங்கள், தலைப்போடு, அடிக்கோட்டோடு. ஒரு முறை படித்ததும் ஐந்தும் மனப்பாடமாகிவிட்டன. சட்டையை மடித்து அதே இடத்தில் வைத்து, எடுத்த வரிசைக்கு எதிர் வரிசையில் மற்றவற்றை மேலே அடுக்கினாள்.

முடிவு ஆகஸ்ட் முதல் வாரம் வந்தது. பொன்ராஜ் யார்டிலிருந்து போன் செய்தான். பின்னால் லாரி ஹாரன் கேட்டது.

"அண்ணி, முப்பத்தேழு. அண்ணன வுட ஒண்ணு ஜாஸ்தி. இந்நேரம் அவரு இருந்தா ரீவேல்யூசன் போட்ருப்பாரு."

"போட்ருப்பாரு."

"சந்தோசமா?"

"பாஸாய்ட்டன்ல" என்றாள் ஜானட். "மார்க் ஷீட்டு எப்ப எடுக்கலாம்?"

"ரெண்டு நாள்ல. நானே இட்டுனு போறன். இன்னொண்ணு அண்ணி. கேட்ல யாரு வேல பாத்தாலும் ஜாக்கெட் மாட்டணும், அது ரூல். புதுசு வரதுக்கு ஒரு மாசம் ஆவும். அண்ணன்து எக்ஸ்ட்ரா ஒண்ணு வூட்ல கீதுல்ல?"

"கீது."

"லூசாத்தான் இருக்கும்."

"பரவால்ல."

போனை வைத்துவிட்டு ஜானட் படிக்கட்டுக்கு வந்து கீழே எட்டிப் பார்த்தாள். "அக்கா, பைய எடுத்துனு வா."

ஆலிஸ் கட்டைப்பையோடு மூச்சு வாங்க ஏறி வந்தாள். ஏதோ கேட்க வாய் எடுத்தவள், பீரோ திறந்திருப்பதைப் பார்த்துப் பையின் வாயை அகலமாகப் பிடித்தாள். ஜானட் ஜாக்கெட்டை எடுத்துக் கட்டிலில் ஒதுக்கினாள். சாம்பல் சட்டையை உதறி, உள்ளிருந்த தாளை எடுத்துவிட்டுப் பையில் போட்டாள். லுங்கி. காவி வேட்டி.

நீலச் சட்டையை ஆலிஸ் கையில் வாங்கிப் பார்த்தாள். "இது புத்சு மாரி கீதே."

"புத்சுதான்."

"இத்தயுமா?"

"அவருக்கு அளவு பத்தாதுக்கா."

ஆலிஸ் தம்பியின் சட்டையை முகத்தில் அழுத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். தோள் குலுங்கியது. ஜானட் பையைத் தன் கையில் வாங்கிப் பிடித்துக்கொண்டு, அவள் முடிக்கும்வரை நின்றாள். பிறகு சட்டையை வாங்கி மேலாக வைத்தாள். ஆலிஸ் இறங்கிப் போனபின் தாள்களைச் சேர்த்துப் புத்தகத்துக்குள் செருகினாள்.

தட்டு காலியாக இருந்தது. ஈரத்துணியால் துடைத்தாள். காய்ந்ததும் ஆரஞ்சு ஜாக்கெட்டை நாலாக மடித்து உள்ளே வைத்தாள். அது ஐந்தாவது அடுக்கில் இருந்தது. கீழே இருந்தவை போய்விட்டதாலும், கடைசி எண்ணைத் தரையிலிருந்துதான் எண்ணவேண்டும் என்பதாலும், இனி அதன் முகவரி சி-2-1.